பிஸ்டலும் ஒரு மரக்கட்டையும்

2022 ஜூலை மாதக் கடைசி. மனைவியின் கண் பரிசோதனையை முடித்துக்கொண்டு ஸ்ரீரங்கம் திரும்ப ஆட்டோ பிடித்தோம். கே.கே.நகர் பக்கம் போகும் சாலையில் ஒரே கூட்டம். அரசியல் கூட்டமோ என்று நினைத்தால் கொடியும் இல்லை, தோரணமும் இல்லை. எல்லோர் கையிலும் செல்போன். ஆட்டோக்காரத் தம்பி பாதி உடம்பை வெளியே நீட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "தல வந்துருக்காரு சார். ரைபிள் கிளப்புல சுடுறாரு" என்றார்.

மாநில அளவிலான 47-ஆவது துப்பாக்கி சுடும் போட்டி அந்த ஆண்டு நம் திருச்சியில் நடந்தது. நடிகர் அஜித் குமார் அதில் போட்டியாளராக வந்திருந்தார். 4 தங்கமும் 2 வெண்கலமும் பெற்றார் என்று பிறகு பேப்பரில் படித்தேன். முக்கால் மணி நேரம் ஆட்டோவில் வெந்ததில் எனக்குக் கிடைத்தது அந்த அனுபவம் மட்டும்தான், அவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் காப்பி குடிக்கும்போது போட்டோவைப் பார்த்த மனைவி கேட்டாள்: "இதென்ன, துப்பாக்கியோட பிடி இப்படிக் கோணல்மாணலா இருக்கு? ஏதோ மரத்து வேரை வெட்டி ஒட்டினாப்பல?"

அவள் கேட்டது சரியான கேள்வி. அந்தக் கோணல்மாணலைப் பற்றி எனக்கு இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று புதுச்சேரியில் பத்து வயதில் தெரிந்துகொண்டது. இன்னொன்று திருச்சி மாவட்டத்தில் ஓர் அலுவலகத்தில், நாற்பத்து நாலு வயதில். முதலாவதைச் சரியாக நினைவில் வைத்திருந்தால் இரண்டாவது நடந்திருக்காது.

என் சித்தப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ஜெர்மனியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து வைத்திருந்த பகுதியில் அவருக்குச் சில காலம் வேலை. நெக்கார் நதிக்கரையில் ஓபர்ன்டோர்ஃப் என்று ஓர் ஊர் பற்றி அடிக்கடி சொல்வார். மௌசர் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர். பிரெஞ்சுப் படை 1945 ஏப்ரலில் அதைப் பிடித்தது. சில காலம் ஓடவிட்டு, பிறகு இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நாட்களில் சித்தப்பாவுக்கு வந்து சேர்ந்தது ஒரு வால்தர் ஒலிம்பியா. பாயின்ட் டூ டூ தோட்டா போடுகிற, பந்தயத்துக்கென்றே செய்த பிஸ்டல். எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்பார். ஆனால் பிரெஞ்சு ஆட்சியில் வாங்கிய அனுமதிச் சீட்டு அவரிடம் ஒழுங்காக இருந்தது.

1959 வாக்கில் நான் பிரெஞ்சு பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறையில் வீராம்பட்டினம் பக்கம் சவுக்குத் தோப்புக்கு அழைத்துப்போவார். மணல்மேட்டில் அட்டையை நட்டு வைப்பார். அந்த அட்டைக்கு அவர் சொன்ன பெயர் கர்த்தோன். சுடுவதற்கு முன் பிஸ்டலைக் காலியாக்கி ஒருமுறை என் கையில் கொடுத்தார். பிடித்தேன். பிடிக்கவே முடியவில்லை. மரக் கைப்பிடியில் பள்ளங்கள், மேடுகள். என் விரல் போகவேண்டிய இடத்தில் மேடு. கட்டைவிரலுக்கு எங்கோ ஒரு குழி.

"ஒனக்கு மட்டுமில்ல தம்பி, எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்திச்சு" என்றார். "இது எவனோ ஒரு ஜெர்மன்காரன் கை. அவன் கைக்குச் செதுக்குனது."

பிறகு அவரே அதைத் திருத்தியிருந்தார். மேடுகளை அரத்தால் ராவி, பள்ளங்களை மரத்தூளும் வஜ்ஜிரமும் குழைத்து அடைத்து, காய்வதற்குள் தன் கையை வைத்து அழுத்தி, மறுபடி ராவி. பார்க்க அசிங்கமாக இருக்கும். அக்ரூட் மரத்தின் கருப்பில் ஆங்காங்கே தேமல் விழுந்ததுபோல் வெளுத்த ஒட்டு. ஆனால் அவர் பிடித்தால் கையும் மரமும் எங்கே பிரிகின்றன என்று தெரியாது. விசையை இழுக்காதே, விட்டுவிடு என்பார். அதற்கும் ஒரு பிரெஞ்சுச் சொல் வைத்திருந்தார்: லாஷே.

இந்தக் கைப்பிடி விவகாரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. பந்தயப் பிஸ்டலில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே சுமார் கால் மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டும் ஒரே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 50 மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையில் குண்டு 20 சென்டிமீட்டர் விலகிப் போகும். அந்த அட்டையில் 10 மதிப்பெண் தரும் வட்டத்தின் அகலமோ 5 சென்டிமீட்டர்தான். ஓர் எலுமிச்சம்பழம். நம் ராஜகோபுரம் 72 மீட்டர். அதைப் படுக்கவைத்தால் முக்கால் உயரத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்திலிருந்து, ஒற்றைக் கையை நீட்டி, எதன்மேலும் சாயாமல், எலுமிச்சம்பழத்தை அறுபது தடவை அடிக்க வேண்டும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பிஸ்டல் கையில் அதே இடத்தில், அதே கோணத்தில் உட்கார வேண்டும். கண்ணை விட, மூச்சை விட, அதுதான் முதல் பாடம். அதனால்தான் வீரர்கள் கைப்பிடியைச் செதுக்குகிறார்கள், ஒட்டுகிறார்கள், குழலுக்கு அடியில் எடைக்கட்டி மாட்டுகிறார்கள், விசையின் பளுவைக் கூட்டிக் குறைக்கிறார்கள். விதிகளும் இதை ஒரு எல்லைவரை அனுமதிக்கின்றன. 25 மீட்டர் பந்தயத்தில் விசை குறைந்தது 1000 கிராம் பளுவைத் தாங்க வேண்டும், காற்றுப் பிஸ்டலில் 500 கிராம். 50 மீட்டர் பிஸ்டலுக்கு அந்தக் கட்டுப்பாடே இல்லை, கைப்பிடி கையைச் சுற்றி வளைத்துக்கொள்ளலாம். ஆனால் மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுக்கக்கூடாது. மணிக்கட்டு மனிதனுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறார்கள்.

இந்தக் கலையில் ஜெர்மன்காரர்கள் எப்படி இவ்வளவு தூரம் போனார்கள் என்பது தனிக் கதை. துரிங்கியா மலைப்பகுதியில் ட்ஸெல்லா என்ற ஊரில் கார்ல் வால்தர் 1886-ல் பட்டறை போட்டார். முதல் உலகப்போரில் தோற்றபிறகு வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியின் ஆயுத உற்பத்திக்குக் கடிவாளம் போட்டது. துப்பாக்கி செய்யத் தெரிந்த ஊருக்குத் துப்பாக்கி செய்ய வழியில்லை. அப்போது அவர்கள் வேட்டைத் துப்பாக்கி, பந்தயத்துக்கான சின்னக் குழல் துப்பாக்கி இவற்றின் பக்கம் திரும்பினார்கள். வால்தர் கம்பெனி கணக்கு இயந்திரமும் செய்தது என்றால் நம்புவீர்களா? பணியில் சேர்ந்த புதிதில் நான் கைப்பிடி சுற்றிச் சுற்றிக் கணக்குப் போட்ட இயந்திரம் ஸ்வீடன் நாட்டு ஃபேசிட். வால்தர் இயந்திரம் கிடைத்திருந்தால் சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதியிருப்பேன்.

1936 பெர்லின் ஒலிம்பிக்ஸில் வேகச் சூட்டுப் பிஸ்டல் பந்தயத்தில் தங்கமும் வெள்ளியும் ஜெர்மன்காரர்களுக்கே போயின. கோர்னேலியுஸ் வான் ஒயன் தங்கம், ஹைன்ஸ் ஹாக்ஸ் வெள்ளி. ஒலிம்பியா என்ற பெயரோடு வால்தர் பிஸ்டலுக்குக் கீர்த்தி வந்த காலம் அது. அதே கம்பெனி அதன்பிறகு சில ஆண்டுகளில் ஹிட்லரின் படைக்குப் பிஸ்டலும் ரைபிளும் செய்து தள்ளியது. நாயன்கம்மே வதைமுகாமில் கைதிகளை வைத்து வேலை வாங்கியது. பந்தயப் பிஸ்டலின் அழகைப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

போருக்குப்பின் ட்ஸெல்லா ரஷ்யர் பக்கம் போயிற்று. வால்தர் குடும்பம் மேற்கே ஓடிவந்து, மறுபடி கணக்கு இயந்திரத்தில் தொடங்கி, ஊல்ம் நகரில் துப்பாக்கித் தொழிலுக்குத் திரும்பியது. இடைக்காலத்தில் ஒலிம்பியா பிஸ்டலை ஸ்விட்சர்லாந்தின் ஹெம்மர்லி கம்பெனி செய்தது. 1968-ல் ஊல்மிலிருந்து ஜி.எஸ்.பி. என்ற மாடல் வந்தது. அதைப் பார்த்தால் பிஸ்டல் என்றே தோன்றாது, ஏதோ தச்சர் கருவி போலிருக்கும். தோட்டா அறையைக் கைப்பிடிக்குள் வைக்காமல் விசைக்கு முன்னால் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் கைப்பிடிக்குள் ஒன்றும் இல்லை, முழுக்க மரம், எப்படி வேண்டுமானாலும் செதுக்கிக்கொள்ளலாம். குழலும் கைக்கு நேராகத் தாழ்ந்து உட்கார்ந்தது, சுட்டதும் மூக்கைத் தூக்குவது குறைந்தது. விசைப் பகுதியை அப்படியே ஒரு பெட்டிபோலக் கழற்றி வேறொன்றைச் செருகலாம். பல ஆண்டுகள் உலகம் முழுக்க, நம் நாட்டு வீரர்கள் கையிலும், அதுதான் இருந்தது.

சித்தப்பா இருந்த ஓபர்ன்டோர்ஃபிலும் இதே கதை. மௌசரில் வேலை இழந்த இரண்டு பொறியாளர்கள் தொடங்கிய ஃபைன்வெர்க்பௌ கம்பெனி 1965-ல் ஒரு காற்றுப் பிஸ்டலைக் கொண்டுவந்தது. உதைப்பே கையில் தெரியாதபடி உள்ளுறுப்புகள் வழுக்கிப் பின்னால் போகும். பிரெஞ்சுக்காரர்கள் இயந்திரத்தைக் கழற்றிப்போன ஊரில் மூளையைக் கழற்றிப்போக முடியவில்லை. கைப்பிடி செதுக்குவதையே தொழிலாக வைத்தவர்களும் வந்தார்கள். ஜெர்மனியில் நில் என்று ஒரு குடும்பம். இத்தாலிக்காரர் மொரினி கைப்பிடி செய்துகொண்டிருந்து பிறகு பிஸ்டலே செய்யத் தொடங்கினார். இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய ஒலிம்பியாவையும் ஜி.எஸ்.பி.யையும் தேடி வாங்கி, திருத்தி, சுட்டு, சேகரித்து வைப்பதே ஒரு பெரிய பொழுதுபோக்கு.

இது ஏன் நம் ஊரில் வேர் பிடிக்கவில்லை என்றால், வெள்ளைக்காரன் விடவில்லை. 1878-ல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்கள் உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஐரோப்பியருக்கு விலக்கு. திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயின் தொண்டர் துப்பாக்கிப் படை என்று ஒன்று இருந்தது. அதில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே சுட்டுப் பழகினார்கள். நம்மவர்களில் ஜமீன்தார்கள், அரசர்கள் தவிர மற்றவர்களுக்குக் குறிபார்த்துச் சுடுவது என்பது ஒரு விளையாட்டாகவே அறிமுகமாகவில்லை.

ஆனாலும் குறிபார்க்கப் பழகிய ஒரு திருச்சிக்காரர் இருந்தார். பாலக்கரையைத் தாண்டினால் வரகனேரி. அங்கே 1881-ல் பிறந்த வ.வே.சு. ஐயர். செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, வக்கீலாகி, ரங்கூன் போய், 1907-ல் பாரிஸ்டர் படிக்க லண்டன் போனார். அங்கே இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு சேர்ந்தார். நம் ஸ்ரீரங்கத்துக்காரர் டாக்டர் தி.சே.சௌ. ராஜனும் அதே காலத்தில் லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டு அந்த வட்டத்தில் இருந்தவர்தான்.

லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் காசு கொடுத்தால் யாரும் சுட்டுப் பழகக்கூடிய ஒரு கூடம் இருந்தது. திருச்சியில் உரிமம் கேட்டால் தலைகீழாக நிற்கவேண்டிய இந்தியர்கள், ராஜாவின் தலைநகரில் சில பென்ஸ் கொடுத்துப் பிஸ்டல் பழகினார்கள். இதைவிட வேடிக்கை உண்டா? மதன்லால் திங்ரா அங்கே சுட்டுப் பழகி, 1909 ஜூலை 1 அன்று கர்சன் வைலியைச் சுட்டார். குறுக்கே வந்த பார்சி டாக்டர் லால்காகாவும் இறந்தார். அதே ஆண்டு சாவர்க்கர் 20 பிரவுனிங் பிஸ்டல்களை இந்தியாவுக்கு ரகசியமாக அனுப்பியிருந்தார். அவற்றில் ஒன்றால் டிசம்பர் 21 அன்று நாசிக் கலெக்டர் ஜாக்சன் கொல்லப்பட்டார்.

ஐயர் 1910-ல் போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பிரெஞ்சு எல்லைக்குள் பிரிட்டிஷ் வாரண்ட் செல்லாது. 1911 தொடக்கத்தில் செங்கோட்டை வாஞ்சிநாதன் அவரைத் தேடி வந்தார். பிஸ்டல் பயிற்சி ஐயரிடம். ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். வாஞ்சி அதே பிஸ்டலால் தன்னையும் சுட்டுக்கொண்டார். பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங்.

அந்தப் பிரவுனிங்கைப் பற்றித்தான் எனக்கு ஓர் எண்ணம். அது சட்டைப்பைக்குள் போகிற தட்டைப் பிஸ்டல். கைப்பிடி எல்லோருக்கும் ஒன்றே. யார் கைக்கும் செதுக்கப்படாதது. ரயில் பெட்டிக்குள் ஓரிரு கஜ தூரத்தில் சுடுவதற்கு அதுவே போதும். எலுமிச்சம்பழம் தேவையில்லை. வாஞ்சி வேறு எந்தப் பந்தயத்துக்கும் பழகவில்லை. சித்தப்பாவின் ஒலிம்பியாவோ சட்டைப்பைக்குள் போகாது, இன்னொருவன் கையில் உட்காராது, தற்காப்புக்குக்கூட லாயக்கில்லை. இரண்டுக்கும் பெயர் பிஸ்டல். இரண்டும் கொல்லும். ஆனால் ஒன்றை மறைப்பதற்காகச் செய்தார்கள், மற்றதை ஒரு ஆளுக்காக. எனக்குத் தெரிந்த சட்டம் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. எடுக்கவேண்டும் என்று நான் சொல்ல வரவுமில்லை. சொல்லக்கூடிய இடத்தில் ஒருமுறை இருந்தேன்.

ஐயர் பிறகு காந்தியின் வழிக்கு வந்தார். தமிழில் சிறுகதைக்கு வழிபோட்டார். 1925 ஜூன் 3 அன்று பாபநாசத்தில் அருவியில் விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றப் போய் அவளோடு மறைந்தார். வரகனேரி வீடு இப்போது நினைவில்லம், நூலகமும் உண்டு. பென்ஷன் வாங்கும் வயதில் இருப்பவர்கள் ஒரு மாலை போய்வரலாம், மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது. புதுச்சேரியில் பிறந்து திருச்சிக்கு வந்தவன் நான். திருச்சியில் பிறந்து புதுச்சேரிக்கு ஓடியவர் அவர். அங்கே உட்கார்ந்திருக்கும்போது இந்த நினைப்பு வரும், அதற்குமேல் ஒப்பிட எனக்குத் தகுதியில்லை.

என் சித்தப்பா 1962-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி குடியுரிமை தேர்ந்தெடுக்கச் சொன்னபோது பிரெஞ்சுப் பக்கம் ஒப்சியோன் எழுதிக்கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். அதற்குமுன் பிஸ்டலை ஒப்படைத்து ரசீது வாங்கினார். கிளம்பும் அன்று கைப்பிடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரே ஒரு திருகாணி.

நான் பரீட்சை எழுதி அரசுப் பணியில் சேர்ந்து, பல பிரிவுகள் சுற்றி, 90-களின் தொடக்கத்தில் ஆயுத உரிமங்களைப் பார்க்கும் இருக்கைக்கு வந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் 1962-ஆம் ஆண்டு விதிகளும் என் மேசையில். பெரும்பாலும் வயல்காவலுக்கு ஒற்றைக் குழல், வங்கிக் காவலருக்கு இரட்டைக் குழல், பெரிய மனிதர்களுக்கு .32 ரிவால்வர். தேர்தல் வந்தால் எல்லாவற்றையும் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் அடிப்பதிலேயே ஒரு மாதம் போய்விடும்.

1993-ல் ஒரு கோப்பு வந்தது. திருவெறும்பூர் பக்கம் குடியிருந்த ஒரு பொறியாளர். ஜெர்மனியில் சில ஆண்டுகள் இருந்து திரும்பும்போது சாமான்களோடு ஒரு பந்தயப் பிஸ்டலும் கொண்டுவந்திருந்தார். வால்தர் ஜி.எஸ்.பி., .22. உரிமம் ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. மனிதர் காலமானார். வாரிசு ஒரே மகன், வெளிநாட்டில். உரிமம் இல்லாத கையில் ஆயுதம் இருக்கக்கூடாது என்பதால் பிஸ்டல் போலீஸ் நிலையத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து வந்த அறிக்கையில் ஒரு வரி: மரக் கைப்பிடி சிதைந்தும் ஒட்டுப்போடப்பட்டும் உள்ளது.

நான் அந்த வரியை அப்படியே என் குறிப்பில் எடுத்து எழுதினேன். எழுதும்போது என் மனதில் சவுக்குத் தோப்பும் வரவில்லை, வஜ்ஜிரமும் வரவில்லை. முப்பத்து நாலு வருஷம், இருபது பிரிவுகள், ஆயிரம் கோப்புகள். சிதைந்தது என்றால் சிதைந்தது.

சில வாரம் கழித்து அந்த அம்மாள் நேரில் வந்தார். ஐம்பத்தைந்து, அறுபது வயதிருக்கும். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை.

"சார், துப்பாக்கி எனக்கு எதுக்கு? அதை நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க. அந்தக் கட்டையை மட்டும் கழட்டிக் குடுங்க. ராத்திரி ராத்திரியா உக்காந்து அவரே ராவினது. அதுல கை வெச்சா அவரு கையி."

எனக்கு உடம்பில் ஏதோ செய்தது. ஆனால் நான் எழுந்து யாரிடமும் போகவில்லை. சட்டத்தை எடுத்தேன். ஆயுதம் என்பதற்கான விளக்கம், இரண்டாவது பிரிவு. ஆயுதத்தின் பாகங்களும் ஆயுதமே. அதை அந்த அம்மாளுக்குப் படித்தும் காட்டினேன். ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் விளக்கம் வேறு. அவர் கடைசிவரை கேட்டார்.

"அது வெறும் மரம் சார்" என்றார்.

மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு வைத்திருக்கலாம். குழலும் விசையும் சேராத மரக்கைப்பிடி பாகம் ஆகுமா, கேட்டுச் சொல்லுங்கள் என்று இரண்டு வரி. மேலதிகாரி முடியாது என்றும் சொல்லியிருக்கலாம், சரி என்றும் சொல்லியிருக்கலாம். நான் கேட்கவே இல்லை. துப்பாக்கி விஷயத்தில் கேள்வி எழுப்பிய குமாஸ்தா என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று இருந்தது. "மனு விதிகளின்படி ஏற்கத்தக்கதல்ல" என்று எழுதிக் கையெழுத்துக்கு வைத்தேன். உரிய காலத்தில் யாரும் உரிமம் பெறவில்லை. பிஸ்டல் அரசுடைமையாகி, அழிக்கவேண்டிய பட்டியலில் ஒரு வரிசை எண்ணாகப் போயிற்று. அந்தப் பட்டியலையும் தட்டச்சுப் பிழை பார்த்தவன் நான்தான்.

ஓய்வுபெற்றபின் விதிகள் இன்னும் இறுகின. ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019-ல் 2 ஆக்கினார்கள். போட்டி வீரர்களுக்கு மட்டும் தனிச் சலுகை. ஆகவே ஜெர்மன் பிஸ்டல்களை அடுக்கிவைத்துச் சேகரிக்கும் ஆசாமி நம் ஊரில் இருக்க வழியில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை ஓடும் ஊர் இது. ஆனாலும் துப்பாக்கியைக் கண்ணால் பார்க்காமலே சாகிற ஜனங்கள்தான் இங்கே அதிகம். நல்லதுதான்.

2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் ராணுவ வீரர் விஜய் குமார் வேகச் சூட்டுப் பிஸ்டலில் வெள்ளி வாங்கியபோது டி.வி. முன்னால் எழுந்து நின்றேன். மனைவி என்னவென்று கேட்டாள், சொல்லவில்லை. அஜித் போட்டோவைப் பார்த்துக் கேட்டபோதுதான் முழுவதையும் சொன்னேன். பதில் பேசாமல் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையிலிருந்தே கேட்டாள்: "அந்தம்மா வீடு எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" கோப்பில் விலாசம் இருந்தது. இப்போது எனக்கு நினைவில்லை.

எங்கள் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் அந்தப் போட்டிக்குப் பிறகு காற்றுப் பிஸ்டல் பழக ஆரம்பித்தாள். குறைந்த ஆற்றலுள்ள காற்றுப் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. 10 மீட்டர் தூரம், சட்டைப் பொத்தான் அளவு வட்டம். தினமும் சாயங்காலம் வராந்தாவில் தண்ணீர் பாட்டிலைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாள், கை நடுங்காமலிருக்க. போன பொங்கலுக்கு முன் ஒருநாள் போனேன். மேசைமேல் செய்தித்தாளை விரித்து, மரத்தூளைக் குவித்து, கைப்பிடியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு கைப்பிடி, பழையது. அதன்மேல் வெளிறிய ஒட்டு, தேமல்போல.

"அது சின்னதாயிடுச்சு தாத்தா. கை வளந்துடுச்சு. தூக்கிப் போடணும்."

கையில் எடுத்துப் பார்த்தேன். நடுவிரல் மேட்டில் இடித்தது. கட்டைவிரலுக்கு இடமே இல்லை.

"போடாதேம்மா, உங்கம்மாட்ட குடுத்து வை" என்றேன். எதற்கு என்று கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் அரத்தைப் பிடித்திருந்த விதம் தவறு என்று காட்டினேன். மரத்தின் ரேகையோடு போக வேண்டும், எதிர்த்து ராவினால் பிசிறும். சித்தப்பா அப்படித்தான் ராவுவார்.